ரத்னாபாய்க்கு விழுந்த சமாரியாக்காரி

சாலைக் கடைத்தெருவில் ரத்னாபாய் உட்கார்ந்து பார்த்தவர் எவரும் இல்லை. அவள் பிறந்ததே நின்றுகொண்டுதான் என்று எதிர்க்கடை தங்கப்பன் அண்ணாச்சி சத்தியம் செய்வார். அவர் அவளைவிட இளையவர் என்பதால் அந்தச் சத்தியத்தில் கொஞ்சம் கழித்துக்கொண்டு கேட்பது நல்லது. ஆனால் அவளுடைய மேட்சிங் சென்டரில் கிடக்கும் முக்காலியை எத்தனையோ ஓணத்துக்கு முன்னால் வாங்கினாள். கடையிலிருந்து வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருக்கிறது. அதை யாரும் மறுக்க முடியாது.

கடை என்றால் பெரிய கடை இல்லை. இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். கீழிருந்து கூரைவரை பிளவுஸ் துணி. சேலையைக் கொண்டுவருகிறவர்களுக்கு அவள் உள்ளே வைத்து நிறம் பார்க்க மாட்டாள். சேலை ஒரு கையில், துணி ஒரு கையில், ஆளையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவாள். "டியூப்லைட் பொய் சொல்லும்மா. வெயில்ல பாரு." கோதுமை மூட்டை ஏற்றின உந்துவண்டிக்காரன் கத்துவான், ஆட்டோக்காரன் ஹாரன் அடிப்பான். ரத்னாபாய் நடுத்தெருவில் நின்று இரண்டு சிவப்பையும் சேர்த்து வைத்து, "ஆகாது, இது செங்கல், அது செம்பருத்தி" என்பாள். உடனே உள்ளே ஓடுவாள். அடுத்த துணியோடு திரும்ப வருவாள். ஒரு நாளில் அவள் நடந்த நடையை நீட்டிப் போட்டால் பொன்முடிக்குப் போய், பஸ் கிடைக்காமல் திரும்பியும் நடந்து வந்துவிடலாம்.

அவளுக்குக் கணவர் இரண்டு பேர். முதல் கணவர் தேவசகாயம், பம்ப் ஹவுசில் மோட்டார் ஓட்டினவர். ஒரு மாலை டீ குடித்த கிளாஸைக் கீழே வைத்தார், அதோடு சரி. இரண்டாமவர் ஸ்டீபன்ராஜ். விழிஞ்ஞத்தில் ஐஸ் பிளான்ட் வேலை. சிறுநீரகம் கெட்டு, ஆஸ்பத்திரி வாசலையும் வீட்டு வாசலையும் தேய்த்துப் போனார். இரண்டு பேரையும் சபையின் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி நடந்தவள் ரத்னாபாய்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் கதைக்குக் கால் முளைப்பது உண்டல்லவா, இந்தக் கதைக்குக் கணவர்கள் முளைத்தார்கள். முன் பெஞ்சில் இரண்டாக இருந்தது, பின் பெஞ்சுக்குப் போகும்போது மூன்றாயிற்று. நெய்யாற்றின்கரை தாண்டிப் பாறசாலைக்குப் போய்ச் சேரும்போது நாலு. கயிறும் வாளியும் கப்பியும் விற்கிற தங்கப்பன் அண்ணாச்சியும் அவளும் மத்தியானக் கூட்டுக்கறியை டிபன் மூடியில் பங்கு போட்டுக்கொள்வதை யாரோ பார்த்துவிட்டு, அவரையும் சேர்த்து ஐந்து என்று கூட்டி முடித்தார்கள். அண்ணாச்சிக்கு இது தெரியாது. தெரிந்தால் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்திருப்பார்.

இந்த எண்ணிக்கைக்கு முதல் விதை போட்டவள் விஜயம். தேவசகாயத்தின் தங்கை, தமிழ்ச் சபையின் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். ரத்னாபாயின் இரண்டாவது கல்யாணத்தன்று கேக்கைக் கையில் வாங்கிக்கொண்டே, "ம்... எண்ணத் தொடங்கியாச்சு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். கேக்கைத் தின்றாளா என்று கேட்கக்கூடாது. தின்றாள்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம். புது வருஷத்தின் முதல் கூட்டத்தில் ஒரு பிஸ்கட் டின்னைக் குலுக்கிச் சீட்டு எடுப்பார்கள். சபை முழுவதும் வாக்குத்தத்த வசனம் எடுப்பதுபோல, இவர்கள் வேதத்திலுள்ள ஒரு பெண்ணின் பெயரை எடுப்பார்கள். வருஷம் முழுக்க அவள்தான் உனக்கு. உன் முறை வரும்போது அவளைப் பற்றித்தான் பேசவேண்டும். எழுபது வயதுக்காரிக்கு, பிள்ளை வரம் கேட்டு அழுது பெற்ற அன்னாள் விழுந்தால், "எப்போ மக்கா வளைகாப்பு?" என்று வருஷம் பூராவும் கேட்பார்கள். விளையாட்டுதான், ஆனால் உள்ளுக்குள் ஒரு நம்பிக்கையும் உண்டு. எந்தப் பெண் விழுகிறாளோ அந்தச் சாயல் அந்த வருஷத்துக்கு என்று. அதனால் டின்னுக்குள் நல்லவர்கள் மட்டும்தான். எஸ்தர், தெபோராள், ரூத், லீதியாள். யேசபேலுக்கும் தெலீலாளுக்கும் பிரசங்கத்தில் இடம் உண்டு, டின்னில் கிடையாது.

இந்த வருஷம் ரத்னாபாய் டின்னுக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்த சீட்டை விஜயம் பிரித்து வாசித்தாள். "ரத்னாபாய்... சமாரியா ஸ்திரீ."

கிணற்றடியில் ஆண்டவரிடம் பேசினவள், ஐந்து புருஷர் இருந்தவள், இப்போது இருக்கிறவன் புருஷன் இல்லை என்று சொல்லப்பட்டவள். பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அதை மறைக்க இன்னொருத்தி இருமினாள். அந்த இருமலுக்கு வேறு நாலு பேர் சிரித்தார்கள்.

"இந்தப் பேரை யாரு உள்ள போட்டது?" என்றாள் விஜயம்.

ஆயருடைய புது மனைவி ஷிஜா பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் கையைத் தூக்கினாள். கோட்டயத்துப் பக்கத்துப் பெண். சுறியானி சபையிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். "பழைய சீட்டெல்லாம் கீறிப்போயி அம்மா. நான் புதுசாட்டு எழுதினேன். எனக்கு ஓர்மை வந்த நல்ல ஸ்திரீகள எல்லாம் எழுதினேன்."

"நல்ல ஸ்திரீ!" என்று விஜயம் கூரையைப் பார்த்தாள். பிறகு ரத்னாபாய் பக்கம் குனிந்து, எல்லோருக்கும் கேட்கிற ரகசியக் குரலில், "மைனி, சங்கடப்படாண்டாம். பெண்கள் ஞாயிறு இந்த வருஷம் உன் முறை. சபை முன்னால நின்னு இவளப் பத்திப் பேசுனா நல்லாவா இருக்கும்? என் கையில ரூத்து இருக்கா. மாத்திக்கிடுவோம்" என்றாள்.

ரத்னாபாய்க்கு வாய் கால்களைவிட வேகம். "ரூத்தும் ரெண்டு கட்டினவதானே விஜயம்? அதுவும் ரெண்டாவது ஆள ராத்திரி களத்துல போய்ப் பாத்தவ. அவளுக்கு மட்டும் டின்னுல எப்படி இடம் கிடைச்சுது?"

"அது... அது மாமியா சொல்லிப் போனது!"

"ஓ, மாமியாகிட்ட பாஸ் வாங்கியாச்சுன்னா சரியா?"

கூட்டம் சிரித்துக் கலைந்தது. ரத்னாபாயும் சிரித்துக்கொண்டுதான் கிழக்கேகோட்டைக்கு வந்து பஸ் ஏறினாள். பஸ்ஸில் இடம் இருந்தது. நின்றுகொண்டே போனாள். நேமம் வருவதற்குள் சிரிப்பு வடிந்துவிட்டது.

சீட்டை மாற்றிக்கொண்டால், பொருத்தமாக விழுந்ததால் பயந்து ஓடினாள் என்பார்கள். மாற்றாமல் நின்றால், அந்தப் பெண்ணைப் பற்றி இந்தச் சபையில் காலகாலமாக ஒரே பேச்சுத்தான்: பாவி, பிடிபட்டாள், திருந்தினாள். அதை ரத்னாபாய் வாயால் சொன்னால் அது அவளே கொடுக்கிற வாக்குமூலம் ஆகிவிடும். ஐந்து என்ற கணக்குக்கு அவளே கையெழுத்துப் போட்டமாதிரி.

அன்று முதல் அவளுடைய நடை இன்னும் கூடியது. துணி வெட்டும்போது நடந்தாள், ஜெபம் பண்ணும்போது நடந்தாள். விஜயத்துக்குப் போன் போட்டு, மணி அடித்ததும் வைத்தாள். விஜயம் திருப்பிக் கூப்பிட்டால், "கை பட்டுடுச்சு" என்றாள். ஒருநாள் செங்கலையும் செம்பருத்தியையும் ஒன்று என்று வெட்டிக் கொடுத்தாள். வாங்கினவள் திரும்பி வந்து, "ரத்னாக்கா, உடம்புக்கு என்ன?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆயர் யோசுவா நல்ல மனிதர். யாரும் கோபித்துக்கொள்ளாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் அதையே பெரிய கிருபை என்று நினைப்பவர். பெண்கள் ஞாயிற்றுக்கு வழக்கமான குறிப்பை அவளிடம் நீட்டினார்.

"மூணு தலைப்பு போதும்மா. அறியப்பட்ட பாவி, அழைக்கப்பட்ட பாவி, அனுப்பப்பட்ட பாவி. கீழே வாசக மேடையில நின்னு பேசுங்க. பிரசங்க பீடம் வேண்டாம், அது வழக்கம் இல்ல."

ரத்னாபாய் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூணு தலைப்புலயும் பாவியா அய்யா? ஒண்ணுலயாவது அவளுக்கு லீவு குடுக்கப்படாதா?"

ஆயர் சிரித்தார். சிரித்துவிட்டு, வாசலில் விஜயம் நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டார்.

அந்த வாரம் ஷிஜா கடைக்கு வந்தாள். வாங்க ஒன்றும் இல்லை. பச்சை நிறத்தை வெறுமனே தடவிக்கொண்டு நின்றாள்.

"சேச்சி, சத்தியமாட்டு எனக்கு அறியாது. எங்க சர்ச்சுல அவங்க விசுத்த, புனிதவதி. பேரும் உண்டு, போட்டினி. சண்டே ஸ்கூல்ல படிச்சது. ஊர் முழுசும் ஆண்டவர்ட்ட கூட்டிட்டு வந்தவங்க, அப்போஸ்தலர்களுக்குச் சமம்னு சொல்லுவாங்க. இங்க வந்து பாத்தா எல்லாரும் சிரிக்கறாங்க. ஒரே ஆள்தானே சேச்சி? ஒரே கிணறுதானே?"

ரத்னாபாயின் கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது.

"விசுத்தையா? அஞ்சு புருஷனோடயா?"

"அது ஏன் அஞ்சுன்னு யாரும் எழுதல்லல்லோ. செத்தாங்களா, விட்டுட்டுப் போனாங்களா, ஒண்ணும் இல்ல. 'இனி பாவம் செய்யாதே'ன்னு ஆண்டவர் சொன்னது வேற இடத்துல, வேற ஆள்ட்ட. இவங்ககிட்ட தண்ணிதான் கேட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுக்காரருக்கும் அறியும் சேச்சி. செமினாரியில இதெல்லாம் படிச்சதுதான். சொல்லத்தான் பேடி, பயம்."

அவள் போனதும் ரத்னாபாய் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாள். பழக்கதோஷம். வெயிலில் நின்றுகொண்டு அந்த அதிகாரத்தை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே வாசித்தாள். சின்ன வயதிலிருந்து கேட்ட பிரசங்கங்களில் அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் மை இருந்தது, தலையில் பூ இருந்தது, ஊர்ப்பெண்கள் ஒதுக்கி வைத்ததால் யாரும் இல்லாத உச்சிவேளை பார்த்துக் கூசிக்கூசி வந்தாள். தாளிலோ மையும் இல்லை, பூவும் இல்லை, கூச்சமும் இல்லை. ஒரு குடம் இருந்தது. மற்றதெல்லாம் யாரோ பெஞ்சு பெஞ்சாகக் கடத்திக் கொண்டுவந்து சேர்த்தது. அந்த வேலை எப்படி நடக்கும் என்பது ரத்னாபாய்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அண்ணாச்சி!" என்று எதிர்க்கடையைப் பார்த்துக் கத்தினாள். "உச்சி வெயில்ல ஒரு பொம்பள தண்ணி கோர வந்தான்னா எதுக்கு வந்திருப்பா?"

தங்கப்பன் கயிற்றை அளந்துகொண்டே, "தண்ணிக்கு" என்றார்.

"அதில்ல. ஏன் அந்த நேரத்துல?"

"தாகம் மணி பாத்தா வரும்? என்ன கேள்வி இது. நேத்து வெச்ச தீயலு கறி மிச்சம் இருக்கா?"

மிச்சம் இருந்தது. அந்த மத்தியானமும் டிபன் மூடி தெருவைக் கடந்து போயிற்று.

இருந்தாலும் சனிக்கிழமை சாயங்காலம் அவள் மறுபடி தடுமாறினாள். துணிவு என்பது வாங்கி வைத்துக்கொள்கிற சாமான் இல்லையே. விஜயத்தின் வீட்டு வாசல்வரை போனாள். ரூத்தைக் கேட்டு வாங்கிவிடலாம் என்றுதான் போனாள். உள்ளே சங்கத்துப் பெண்கள் இரண்டு பேர் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். பாட்டுக்கு நடுவே ஒருத்தி கேட்டாள்: "நாளைக்கு மைனி சொந்தக் கதையத்தான் சொல்லுவாளோ?"

விஜயத்தின் பதில் கேட்கவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது. ரத்னாபாய் காலிங்பெல்லிலிருந்து விரலை எடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

பெண்கள் ஞாயிறு அன்று சபை நிறைந்திருந்தது. வெறும் பக்தியால் அல்ல. வாட்ஸப் குழுவில் செய்தி போய், பாறசாலையிலிருந்துகூட உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். ஆண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் தங்கப்பன் அண்ணாச்சி விபூதியை அரைகுறையாக அழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் எழும்பும்போது உட்கார்ந்தார், உட்காரும்போது எழும்பினார். நாற்பது முக்காடுகள் திரும்பி அவரைப் பார்த்தன.

ரத்னாபாய் வாசக மேடைக்கு வந்தாள். சேலைத் தலைப்பு தலையில், ஆயரின் குறிப்பு கையில். நின்று பழகின கால்தான், ஆனால் ஓர் இடத்தில் நின்று பழகின கால் இல்லை. குறிப்பை மடித்தாள். மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒயர் போகிறமட்டும் நடக்கத் தொடங்கினாள்.

"போன மாசம் நம்ம பக்கம் குழாயில தண்ணி வரலல்ல? யார் வீட்டுல எல்லாம் வரல, கையத் தூக்குங்க."

சபையில் இப்படிக் கேள்வி கேட்பது வழக்கம் இல்லை. ஆனால் தண்ணீர் விஷயம். கைகள் எழுந்தன. ஆயரும் தூக்கினார்.

"டேங்கர் லாரி எப்ப வந்துது? மத்தியானம் பன்னெண்டுக்கு. குடத்தத் தூக்கிட்டு ஓடுனமா, இல்ல, நாலு பேரு என்ன சொல்லுவாங்களோன்னு உள்ள இருந்தமா? விஜயந்தான் முதல்ல ஓடுனா. நான் ரெண்டாவது."

பெண்கள் பக்கம் சிரிப்பு அவிழ்ந்தது. விஜயம் முகத்தைக் கடுகடுவென்று வைக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அப்ப இவள மட்டும் உச்சி வெயில்ல வந்தவ, வெக்கங்கெட்டவன்னு எத்தன வருஷமாச் சொல்றோம்! இதுக்கு முந்தின அதிகாரத்துல நிக்கொதேமு ஆண்டவரப் பாக்க ராத்திரி இருட்டுல வந்தாரு. அவரப் பெரிய பண்டிதர்னு சொல்றோம். ராத்திரி வந்த ஆம்பளைக்குப் பண்டிதர் பட்டம், பட்டப்பகல்ல வந்த பொம்பளைக்கு வேற பட்டம்."

இப்போது ஆண்கள் பக்கத்தில் இருமல். ஆயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்.

"அஞ்சு புருஷன்னு இருக்கு. அஞ்சு பேரும் செத்திருக்கலாம். அண்ணன் செத்தா தம்பி கட்டணும்னு அங்க ஒரு முறை. அஞ்சு பேரும் தள்ளி விட்டிருக்கலாம்; தள்ளிவிடுற அதிகாரம் அப்ப ஆம்பளை கையில. எது நடந்துதுன்னு எனக்குத் தெரியாது. பிரசங்கம் பண்ணுனவங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சவர் ஒருத்தர். அவர் அஞ்சுன்னு சொன்னாரு. சீன்னு சொல்லல. அவகிட்ட தண்ணி கேட்டாரு, ஆராதனையப் பத்திப் பேசுனாரு. அவ குடத்தப் போட்டுட்டு ஊருக்குள்ள ஓடுனா. குடத்தோட ஓட முடியுமா? ஊரு அவ பேச்சக் கேட்டு எழும்பி வந்துது. வெக்கங்கெட்டவ பேச்சுக்கு ஒரு ஊரு எழும்பி வருமா? நம்ம ஊரு வருமா?"

ஒயர் முடிந்துவிட்டது. அவள் நின்ற இடம் விஜயத்தின் பெஞ்சுக்கு நேரே.

"நான் ரெண்டு பேரக் கொண்டுபோய் மண்ணுல வச்சேன். மூணு இல்ல, நாலு இல்ல. ஒருத்தர் இந்த விஜயத்தோட அண்ணன். அவருக்கு டீயில சீனி கூடுதலா வேணும். அது எனக்குத் தெரியும், இவளுக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. தெரியாததச் சேக்காதிங்க. அவ கதையிலயும் சேக்காதிங்க, என் கதையிலயும் சேக்காதிங்க. அவ்வளவுதான்."

மைக்கை விஜயத்தின் கையில் கொடுத்துவிட்டாள். முடிவு ஜெபம் செயலாளர்தான் செய்யவேண்டும். விஜயம் எழும்பினாள். அவள் வருஷம் முழுக்கச் சொல்கிற ஜெபம் ஒன்று உண்டு, தூக்கத்திலும் தப்பாது. "பாவிகளான எங்களை..." என்று ஆரம்பித்தாள். நின்றாள். சபை கண்ணை மூடிக் காத்திருந்தது. சிலர் ஒரு கண்ணை மட்டும் மூடியிருந்தார்கள்.

"எங்க அண்ணனுக்குக் கடைசி டீ போட்டுக் குடுத்த மைனிக்காக ஸ்தோத்திரம்," என்றாள் விஜயம், மூக்கு அடைத்த குரலில். "ஆமென்."

ஆமென் கொஞ்சம் தாமதமாக வந்தது. ஆனால் வந்தது. ஆண்கள் கடைசி வரிசையிலிருந்து ஒரு ஆமென் எல்லோரும் முடித்த பிறகு தனியாக வந்தது.

இத்தோடு ஊர் அடங்கிவிட்டது என்று நினைத்தால் ஊரைத் தெரியாது என்று அர்த்தம். அன்று சாயங்காலமே பாறசாலையில், ரத்னாபாய் பிரசங்க பீடத்தில் ஏறி நின்று ஆயரைக் கேள்வி கேட்டாள் என்றார்கள். களியக்காவிளை தாண்டும்போது ஆயரைக் கீழே இறக்கிவிட்டாள் என்றானது. அவள் ஏறவில்லை. முதல் படியில் ஒரு கால் பட்டது உண்மை. அது ஒயர் தடுக்கியதால்.

திங்கட்கிழமை விஜயம் சாலைக் கடைத்தெருவுக்கு வந்தாள், முதல் தடவையாக. கையில் ஒரு ஊதாச் சேலை. உள்ளே நுழைந்ததும் அந்த முக்காலியில், உறையோடு சேர்த்து, தொப்பென்று உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் பல வருஷத்துச் சத்தத்தை ஒரே மூச்சில் போட்டது.

ரத்னாபாய் ஊதாவை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள், வந்தாள், போனாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே விஜயம் எதிர்க்கடையை எட்டிப் பார்த்தாள். தங்கப்பன் அண்ணாச்சி கழுவின டிபன் மூடியை நீட்டிக்கொண்டு தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார். சட்டை புதுசு.

"மைனி," என்றாள் விஜயம் மெதுவாக. "நேத்து நீ பேசுனதெல்லாம் சரி. ஒண்ணு மட்டும் சொல்லிரு. இவரு..."

ரத்னாபாய் வெயிலில் நின்றபடியே துணியைச் சேலையோடு சேர்த்துப் பார்த்தாள். பொருந்தியது.

"இப்ப வரைக்கும் ரெண்டுதான் விஜயம். கூடுனா நானே போன் பண்றேன். நீ எண்ணிக் கஷ்டப்படாண்டாம்."